அவருக்கு நீங்க என்ன வேணும்

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது பேக்கரியம்மாவின் இரண்டு கையிலும் மாவு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டுதான் பேசினாள். அவள் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் கடைசியில படுத்திருந்தப்போ எங்க ஆளுங்க வீட்டுக்கே வந்து பாத்துக்கிட்டாங்க இல்லையாம்மா? அது எப்படி இருந்துச்சுன்னு நேர்ல வந்து கேக்கணும். வரலாமா?"

"அவர்தான் போயிட்டாரே. இனிமே கேட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"இனிமே வர்றவங்களுக்காவது நல்லா செய்யலாம்ல."

பேக்கரியம்மா மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்து குத்தினாள். "ஒருத்தர்கிட்ட கேப்பீங்களா, எல்லார்கிட்டயுமா?"

"கூடவே இருந்து பாத்தவங்ககிட்டதான் கேப்போம். மத்தவங்க பக்கத்துல உக்காந்திருந்தா தப்பில்ல."

"அப்படின்னா வாங்க. அடுப்பு அணைச்சிருக்கிற நாளாப் பாத்து வாங்க. மத்த நாள்ல எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது."

போனை வைத்த கையோடு மகளுக்கு அடித்தாள். மகள் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அப்பாவின் காரியம் முடிந்து போனவள் போனவள்தான்; பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"அடுப்பு லீவு அன்னைக்கு வந்துடு."

"என்ன விஷயம்மா?"

"வந்தா தெரியப் போகுது."

பக்கத்தில் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மருமகள் நிமிரவில்லை. ஆனால் தடவின தட்டையே மறுபடி எடுத்துத் தடவினாள்.

அந்தப் பேக்கரி தெருமுனையில் இருக்கிறது. முன்னால் கடை, கடைக்குப் பின்னால் நீளமான அடுப்பு அறை, அதை ஒட்டி வீடு. விடிவதற்கு முன்பே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வயிறு கிள்ளும். அப்படி ஒரு வாசம். ரொட்டி, பன், ரஸ்க், கொஞ்சம் பிஸ்கட். அவ்வளவுதான் சரக்கு. கேக்கில் பூ வைக்கிற வேலையெல்லாம் பேக்கரிக்காரருக்குப் பிடிக்காது. "பசிக்கிறவன் பூவையா தின்பான்?" என்பார். ஆள் நல்ல ஆகிருதி. மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பார். வயிற்றில் புற்று வந்து, அந்த உடம்பு ஒரு சட்டை மாட்டி வைத்த கொக்கி மாதிரி ஆகிப்போனது.

இனி செய்ய எதுவும் இல்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கட்டில் கொடுத்தார்கள். வலி மருந்து கொடுத்தார்கள். வாரம் தவறாமல் நர்ஸ் வந்தாள். அடுப்பு அறைச் சுவரை ஒட்டின அறைதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு இழுபடுகிற சத்தத்தை வைத்தே ரொட்டி நேரத்துக்கு வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் ஒரு வேலை நாளில்கூட அந்த அடுப்பு அணையவில்லை. அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

மகளுக்கு இது எதுவும் சம்மதமில்லை. ஓர் ஆஸ்பத்திரி கைவிட்டால் இன்னொன்று இல்லையா என்றாள். இறந்த செய்தி கேட்டு ஓடி வந்தவள், கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "மூச்சு வாங்குதுன்னா வாரி எடுத்துக்கிட்டு ஓட வேண்டாமா? மருந்தக் குடுத்துத் தூங்க வெச்சிட்டீங்களே!"

தம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அது போய்த் தைத்தது மருமகளை. மருந்து கொடுத்தது அவள் கை. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை, அதன் பிறகும் திறக்கவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை, சிரித்துப் பேசுகிறவர்களுக்குச் சிரித்தாள். ஆனால் அந்த அறைக்குள் மட்டும் கால் வைப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டில் பாதியை அப்படியே ஒதுக்கிவிடுவாள். அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்தியது ஊருக்கே தெரியும். மருமகள் தூக்கத்தை நிறுத்தியது பேக்கரியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கேள்வி கேட்க வருவதாகச் சொன்ன நாள் காலையிலிருந்தே மழை. மகள் நனைந்த குடையோடு வந்து, தம்பி நாற்காலியை நகர்த்திப் போட்டும் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்கிற அம்மாளும் வந்துவிட்டாள். நடுத்தர வயது, மழைத்தண்ணீர் வழிகிற கண்ணாடி, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் காகிதங்கள். மருமகள் துண்டு கொடுத்தாள். டீயும், நேற்றைய பன்னை வாட்டி வெண்ணெய் தடவியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல," என்று அந்த அம்மாள் முதலிலேயே சொன்னாள். "கேள்வி கேக்குறது மட்டும்தான் என் வேலை. பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேண்டாம். அழுகை வந்தா நிறுத்திக்கலாம். யார் என்ன சொன்னாங்கன்னு பேரோட வெளிய போகாது."

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மகள்.

"அப்பாவுக்கு எப்படிப் பாத்தாங்கன்னு கேக்க வந்திருக்காங்க," என்றாள் பேக்கரியம்மா. "உனக்கும் அதுதானே தெரியணும்? உக்காரு."

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து போயிருப்பாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் ரொம்ப நல்லா, நல்லா, பரவாயில்ல, மோசம், இதுல ஒண்ணு சொன்னாப் போதும்."

"எங்ககிட்டயும் அந்தக் கணக்கு உண்டு," என்றாள் பேக்கரியம்மா. "நல்ல ரொட்டி கடைக்கு, மிஞ்சினது ரஸ்க்குக்கு, கருகினது மாட்டுக்கு."

கேள்விக்கார அம்மாள் சிரித்துவிட்டாள். "எங்க வேலை அதுல எதுக்குப் போகுதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். சீக்கிரம் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்கிற அவசரம் முகத்தில் தெரிந்தது. நர்ஸ் மரியாதையாக நடந்துகொண்டாளா? ரொம்ப நல்லா. நோயைப் பற்றிப் புரியும்படி சொன்னார்களா? ரொம்ப நல்லா. கட்டில், மருந்தெல்லாம் நேரத்துக்கு வந்ததா? ரொம்ப நல்லா.

"டேய், அவங்க கேள்விய முடிக்கட்டும்டா," என்றாள் பேக்கரியம்மா.

"எல்லாத்துக்கும் இப்படியே சொன்னா நாங்க எதைத் திருத்துறது தம்பி?" என்றாள் அந்த அம்மாள்.

"குறை சொல்ல மனசு வரல மேடம். அந்த நர்ஸு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. அப்பா காலைத் தடவி விட்டுக்கிட்டே பேசும். அதைப் போய்க் குறை சொல்ல முடியுமா?"

"குறை சொன்னா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது." காகிதத்தைத் திருப்பினாள். "அவசரத்துக்குக் கூப்பிட்டப்போ உதவி கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"கிடைக்கல."

சொன்னது மருமகள். எல்லோரும் திரும்பினார்கள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்திருக்க வேண்டும். ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இவருக்குத் தெரியாது. இவர் அப்போ கடைகளுக்கு ரொட்டி போட வண்டியில போயிட்டாரு. மாமாதான் போகச் சொன்னாரு. கூட இருந்தது நானும் அத்தையும்தான்."

"இங்க வந்து உக்காந்து சொல்லும்மா," என்றாள் பேக்கரியம்மா.

மருமகள் வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

"காலையில நல்லாதான் இருந்தாரு. ரெண்டு ஸ்பூன் பால் குடிச்சாரு. திடீர்னு மூச்சு ரம்பம் இழுக்கிற மாதிரி ஆயிடுச்சு. நெத்தியெல்லாம் வேர்வை. என் மணிக்கட்டைப் பிடிச்சாரு பாருங்க, அந்த உடம்புல அவ்வளவு பலம் எங்க இருந்துச்சோ. நர்ஸ் குடுத்த நம்பருக்கு அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மறுபடி அடிச்சேன். யாரும் எடுக்கல. அப்புறம் அந்த மெஷின் குரல், இப்போ தொடர்புகொள்ள முடியாதுன்னு. எனக்கு அந்தப் போனைத் தூக்கி அடுப்புல போட்டுடலாம் போல இருந்துச்சு."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றாள் மகள். குரல் உயரவில்லை. ஆனால் மூன்று மாதமாக உள்ளே வைத்திருந்த கேள்வி அது.

"கூப்பிடத்தான் எடுத்தேன் அண்ணி. மாமாகிட்ட கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போலாமா மாமான்னு. அவரால பேச முடியல. தலைய ஆட்டினாரு, வேண்டாம்னு. கைய நகத்தி நகத்தி அந்தச் சுவத்துல வெச்சுக்கிட்டாரு. அதுக்கு மேல எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நர்ஸ் சொல்லிக் குடுத்திருந்துச்சு, மூச்சு இப்படி ஆச்சுன்னா இந்த மருந்து, சிரிஞ்சுல இந்தக் கோடு வரைக்கும், கன்னத்துக்கு உள்பக்கம் விடணும்னு. பதட்டத்துல முதல்ல எடுத்ததெல்லாம் போர்வையில போயிடுச்சு. அத்தை பின்னால உக்காந்து அவரை நெஞ்சுல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. மறுபடி எடுத்து, கோட்டை வெளிச்சத்துல பாத்து, விட்டேன். கொஞ்சம் கொஞ்சமா மூச்சு இறங்குச்சு. முகத்துல இருந்த அந்தப் பயம் போயிடுச்சு."

கேள்விக்கார அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா..." மகள் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "அதுக்கப்புறம் பேசினாரா? என்னைக் கேட்டாரா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். பேக்கரியம்மா உதவிக்கு வரவில்லை. பொய் சொல்வது சுலபம். கேட்டார் அண்ணி, உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

"கேக்கல அண்ணி," என்றாள். "உங்களையும் கேக்கல, இவரையும் கேக்கல. மாவு பொங்கிடுச்சான்னு கேட்டாரு."

மருமகளே தொடர்ந்தாள்.

"பொங்கிடுச்சு மாமான்னேன். சும்மா சொல்லாத, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. ஓடிப்போய்த் துணிய விலக்கிப் பாத்துட்டு ஓடி வந்தேன். தட்டு விளிம்பு தாண்டிடுச்சு மாமான்னேன். அப்போ இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, அடுப்புல வைன்னு திட்டினாரு. திட்டிட்டுத்தான் கண்ண மூடித் தூங்கினாரு."

மகள் சிரித்தாள். தன்னை மீறி வந்த சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது. "திட்டினாரா?" என்று கேட்டாள். "கடைசி வரைக்கும் திட்டினாரா அந்த மனுஷன்?"

"நல்லா திட்டினாரு," என்றாள் பேக்கரியம்மா. பெருமையாகவே சொன்னாள்.

"சாயங்காலம் இவர், நான், அத்தை, எல்லாரும் கூட இருக்கும்போதுதான் போனாரு," என்றாள் மருமகள். "வலின்னு முனகல. ஆனா நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே அண்ணி, மருந்தக் குடுத்துத் தூங்க வெச்சிட்டீங்களான்னு. அதை நான் தினமும் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்களைவிட நூறு மடங்கு கேட்டிருப்பேன்."

மகள் கேள்விக்கார அம்மாளைப் பார்த்தாள். "அந்த மருந்துனாலயா மேடம்?"

"தெரியாததை நான் சொல்லக்கூடாதும்மா. நர்ஸை உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசச் சொல்றேன். போன் எடுக்கலைன்னு சொன்னதையும் அப்படியே எழுதிக்கிறேன்."

"எழுதுங்க," என்றாள் பேக்கரியம்மா. "அதை மாட்டுக்குன்னு எழுதுங்க."

பிறகு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு முட்டி போச்சு, குனிஞ்சா எழுந்திருக்க முடியாது, உனக்குத் தெரியும். உன் தம்பி ஆம்பளை, அடுப்பு முன்னால நாள் பூரா நிப்பான், அப்பன் வாந்தியில ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுவான். ஒரு தடவை விழுந்தான்."

"அம்மா!" என்றான் மகன்.

"விழுந்தியா இல்லையா? நெத்தியில தழும்பு இருக்கு. இவதான் திருப்பிப் படுக்க வெப்பா. மாமனார்னு கூச்சப்படல. அவருக்குத்தான் கூச்சம். முதல் நாள் மருமக கையால கழுவிக்கிறதான்னு அழுதாரு. அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? 'மாமா, நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல மாவு பிசையத் தெரியாம நின்னேன், நீங்க என் கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுக்கும்போது நான் கூச்சப்பட்டேனா'ன்னா. அதுக்கு மேல அவர் பேசல. முதுகுல ஒரு புண்ணு வந்துச்சா பாரு, கேளு அந்த நர்ஸை. இத்தனை நாள் படுத்த உடம்புல முதுகு சுத்தமா இருக்கிறது அபூர்வம்னு அதுவே சொல்லுச்சு. ராஜா மாதிரி வெச்சிருந்தா உங்கப்பனை. தாடி மழிச்சு, தலை சீவி, சலவைச் சட்டை போட்டுத்தான் ஆளுங்களைப் பாக்க விடுவா. நான் செத்தாலும் இப்படித்தான் சாகணும்னு இருக்கேன்."

மகள் எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்தாள். கட்டிலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். காலி அறை. அன்று அடுப்பு இல்லாததால் சுவர் சில்லென்றிருந்தது. அதில் நெற்றியை வைத்து நின்றாள். மருமகள் தயங்கித் தயங்கி வாசல்வரை போனாள். பிறகு அவளும் உள்ளே போனாள். அந்த அறைக்குள் அவள் நுழைவதை மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்பது மழையில் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மகளின் கையில் மருமகளின் மணிக்கட்டு இருந்தது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றாள் கேள்விக்கார அம்மாள். பன் முழுவதையும் சாப்பிட்டு முடித்திருந்தாள். "முக்கியமாக் கூட இருந்து பாத்தவங்க யாருன்னு ஒருத்தரைச் சொல்லணும்."

"என் பொண்டாட்டி," என்றான் மகன். இந்த முறை யோசித்துச் சொன்னான்.

அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தாள். "அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"மருமக."

அந்த அம்மாள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். "கணவன், மனைவி, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை... மருமகள்னு கட்டம் இல்ல. மத்தவங்கன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுக்கிறேன்."

"எதுல?" என்றாள் பேக்கரியம்மா.

"மத்தவங்க."

"மத்தவங்களா? யாரு மத்தவங்க? தெருவுல போறவங்களா? பன் வாங்க வர்றவங்களா?" பேக்கரியம்மா முட்டி வலியை மறந்து எழுந்தே விட்டாள். "மூத்திரத்துணி மாத்தினவ மத்தவளா? இந்தக் காகிதத்தை எழுதினவங்க வீட்டுல மருமகளே கிடையாதா?"

"எனக்குப் புரியுதும்மா. பக்கத்துல மருமகள்னு எழுதி விட்டுடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். மத்தவங்கன்னு போட்டா நாங்க சொன்ன பதிலையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

"விடுங்க அத்தை, ஒரு கட்டம்தானே," என்றாள் மருமகள்.

மகள் அந்த அம்மாளின் பக்கத்தில் போய்க் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். அலுவலகத்தில் இதைப்போல ஆயிரம் காகிதம் பார்த்தவள். விரலை வைத்துக் காட்டினாள்.

"மகள்னு இருக்குல்ல? அதுல போடுங்க."

"அது நீங்கம்மா. அப்படிப் போட்டா தப்பாயிடும்."

"எனக்குத் தெரிஞ்சு ஒரு தப்பும் இல்ல," என்றாள் மகள். "நான் சொல்றேன், போடுங்க. அந்த இடத்துல இருக்க வேண்டியது அவதான்."

கேள்விக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ ஆறிப்போச்சு, வேற போடறேன் என்று உள்ளே போய்விட்டாள். பேக்கரியம்மா உட்காரவில்லை. தலையை நிமிர்த்தி, எல்லோரையும் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், நல்ல ரொட்டித் தட்டை வெளியே இழுத்தவள் மாதிரி.

அடுத்த வாரமே நர்ஸ் நேரில் வந்தாள். மகளுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துப் பேசினாள். அன்று கொடுத்தது தான் சொல்லிக் கொடுத்த அளவுதான், அது மூச்சை நிறுத்தவில்லை, மூச்சுத் திணறலின் வேதனையை மட்டுமே குறைத்தது, அவரைக் கொண்டுபோனது நோய் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு அவளாகவே மன்னிப்பும் கேட்டாள். அன்று போனை வைத்திருந்தவர் இன்னொரு வீட்டில் நோயாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாராம். இப்போது ஒருவர் எடுக்காவிட்டால் மணி இன்னொருவரிடம் போகும்படி மாற்றிவிட்டார்களாம். "நிறைய வீட்டுல இதே நடந்திருக்கு. எல்லாரும் ரொம்ப நல்லான்னே சொல்லிட்டாங்க. நீங்க சொன்னப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

அன்றைக்கு ராத்திரி மருமகள் தட்டு காலியாகச் சாப்பிட்டாள். பேக்கரியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னொரு கரண்டி போட்டாள்.

நர்ஸ் போகும்போது இன்னொன்றும் கேட்டிருந்தாள். ஆற்றோரத் தெருவில் ஒரு தச்சர் படுத்திருக்கிறார், வீட்டு ஆட்கள் மிரண்டு போயிருக்கிறார்கள், ஒரு நாள் போய்ச் சும்மா பேசிவிட்டு வர முடியுமா என்று. மருமகள் கணவனைப் பார்த்தாள். "போயிட்டு வா, தட்டை நான் பாத்துக்கிறேன்," என்றான்.

ஒரு பை நிறைய சுடச்சுட பன் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது தச்சரின் தம்பி. தூக்கமில்லாத கண்.

"நர்ஸாம்மா நீங்க?"

"இல்லைங்க."

உள்ளே கட்டிலிலிருந்து தச்சர் தலையைத் தூக்க முயன்றார். "யாருடா அது?"

மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டாள்.

"நான்தாங்க ஐயா," என்றாள். "தெருமுனை பேக்கரிக்காரர் பொண்ணு."